மொய் நோட்டில் ஏறாத விருந்து

ஆயுதபூஜை கழிந்து, கம்பெனிகளில் போனஸ் பேச்சு எடுக்கிற அதே வாரத்தில் திருப்பூர் செல்போன்களில் இன்னொரு பேச்சும் கிளம்பிவிடும். 'எஸ்.எஸ்.எல்.சி. 1996', 'பிளஸ் டூ 2001 பேட்ச்' என்ற பெயர்களில் வருஷம் முழுக்க குட்மார்னிங் படங்களோடு தூங்கிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் குழுக்கள் விழித்துக்கொள்ளும். தீபாவளியை ஒட்டி மெஷின்கள் நிற்கும் அந்த ஒரு வாரத்தை விட்டால் இந்த ஊரில் எல்லோரும் ஒரே நாளில் கிடைக்க மாட்டார்கள். எங்கே கூடுவது, எந்த நாள், எந்த வாத்தியார் இன்னும் இருக்கிறார் என்று ஐம்பது அறுபது செய்திகள் ஓடும். காசு யார் போடுவது என்ற இடம் வந்ததும் குழு அடங்கிவிடும். சற்று நேரம் கழித்து, எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கும் தோழரிடமிருந்து ஒற்றை வரி வரும்: "காசு மேட்டர விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன். எல்லாரும் வந்தாப் போதும்." கீழே கைதட்டல் படங்கள் வரிசை கட்டும்.

இதில் தவறு இருப்பதாக ஊரில் அநேகமாக யாரும் நினைப்பதில்லை. நினைக்கிறவர்களும் சொல்வதில்லை. சொன்னால் 'அவனுக்கு வயித்தெரிச்சல்' என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

வசதியுள்ளவர் செலவை ஏற்றுக்கொள்ளட்டும் என்பவர்களின் கட்சி அற்பமானதல்ல. அதை அதன் முழு பலத்தோடு சொல்வதென்றால் இப்படி: ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் இன்று நூறு மெஷின் போட்டிருக்கிறார், மற்றவர் அதில் ஒரு மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு இவ்வளவு என்று வசூல் வைத்தால் இரண்டாமவர் ஏதாவது சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிடுவார். உள்ளவர் போட்டால் இல்லாதவரும் வருவார், சந்திப்பு முழுமையாக இருக்கும். போடுகிறவருக்கும் அது சந்தோஷம்தான், நஷ்டம் யாருக்கு? தவிர, நண்பர்களுக்குள் கணக்குப் பார்ப்பது அசிங்கம். பள்ளிக்கூட வாசலில் ஒரு குச்சி ஐஸை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கடித்தபோது யார் கணக்கு எழுதினார்கள்?

கேட்க இதமான வாதம். இதன் ஒவ்வொரு கண்ணியும் திருப்பூரில் அறுந்துபோகிறது என்பதுதான் சிக்கல்.

ஒன்று. வராதவர்களைத் தடுத்து நிறுத்துவது சாப்பாட்டுக் காசு அல்ல. போனஸ் பணம் ஒரு தொழிலாளியின் வீட்டில் எப்படிக் கரைகிறது என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சட்டப்படி இன்றும் நிற்கிற குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். மாதத்துக்கு 7,000 ரூபாய் என்ற வரம்பை வைத்துக் கணக்கிட்டால் வருஷத்துக்கு 6,997 ரூபாய் வருகிறது. பெரிய கம்பெனிகளில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். சின்ன யூனிட்களில் பேசி முடித்ததுதான் போனஸ். அந்தப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே துணிக்கும், பட்டாசுக்கும், மகளின் தலைதீபாவளிக்கும், கைமாத்துக்கும் பிரிந்து கிடக்கும். அப்படிப்பட்டவருக்கு ரிசார்ட்டில் ஓர் இரவு இலவசம் என்பது இலவசம் அல்ல. நாலு பேர் நடுவில் நிற்க ஒரு சட்டை வேண்டும். பை வேண்டும். வழியில் டீக்கடையில் ஒரு முறையாவது கை பாக்கெட்டுக்குப் போக வேண்டும். வாத்தியாருக்குப் பொன்னாடை என்று கடைசி நேரத்தில் ஆளுக்கு இருநூறு கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய செலவு மைக் கைக்கு வரும்போது இருக்கிறது. 'எல்லாரும் இப்ப என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க' என்று மைக் வரிசையாக வரும். ஒருவர் எக்ஸ்போர்ட், ஒருவர் துபாய், ஒருவர் தாசில்தார். அடுத்து வருகிற தையல் தொழிலாளி 'பவர்டேபிள்ல இருக்கேன்' என்று சொல்லி மைக்கை அவசரமாகக் கைமாற்றுகிறார். அவரை அடுத்த வருஷம் வரவிடாமல் செய்வது இந்த அரை நிமிஷம்தான். இந்த அரை நிமிஷத்தின் சுமையை இலவசச் சாப்பாடு குறைக்கவில்லை, கூட்டுகிறது. தன் காசில் வந்தவர் தன் வேலையைச் சொல்கிறார்; அடுத்தவர் காசில் வந்தவர் தன் நிலைமையைச் சொல்கிறார்.

இரண்டு. திருப்பூரில் வகுப்புத் தோழர் என்பவர் வகுப்புத் தோழர் மட்டும் அல்ல. இந்த மறுப்புதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது, ஸ்பான்சர் கட்சி இதைத் தொடுவதே இல்லை.

வேறு ஊர்களில் ஒரு வகுப்பு கலைந்தால் ஒருவர் வங்கிக்கும் ஒருவர் கணினிக்கும் ஒருவர் கனடாவுக்கும் போய்விடுகிறார்கள். இருபது வருஷம் கழித்துக் கூடும்போது அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் இல்லை. யார் பில் கட்டினாலும் அந்த ராத்திரியோடு போயிற்று. பனியன் ஊரில் நிலைமை வேறு. இங்கே ஒரு டீ-சர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம். பிரின்டிங், எம்ப்ராய்டரி, ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு யூனிட், அதற்கு ஒரு முதலாளி, அவருக்குக் கீழே ஒரு காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே டைலர்கள். வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி இந்தச் சின்னச் சின்னப் பட்டறைகளின் சங்கிலியில்தான் நடக்கிறது. தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள் இந்த ஊரில் எப்படி உருவானார்கள் என்பதை ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்ட ஷரத் சாரி, அதற்கு வைத்த தலைப்பே 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்', அதாவது சகோதர மூலதனம். சொந்தம், பழக்கம், கூடப் படித்த நம்பிக்கை ஆகியவற்றின் மேல்தான் இந்த ஊரின் கடன் ஓடுகிறது.

ஆகவே தொண்ணூறு பேர் படித்த ஒரு வகுப்பை எடுத்தால் அதற்குள்ளேயே ஒரு சங்கிலி கிடக்கும். எக்ஸ்போர்ட் செய்பவர் ஒருவர், அவருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர் ஒருவர், பிரின்டிங் போடுபவர் ஒருவர், அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர் ஒருவர், இவர்களில் யாரோ ஒருவரிடம் டைலராக நான்கைந்து பேர். இதில் முதலாமவர் எல்லோருக்கும் விருந்து வைக்கிறார். இரண்டாமவருக்கு அவர் நான்கு மாத பில் பாக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், தட்டில் விழுகிற மட்டன் பிரியாணி யார் காசு?

இது வம்புக்குக் கேட்ட கேள்வி அல்ல. குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கி நாள்பட்டு நிற்பது நாடு முழுக்க உள்ள நோய் என்பதால்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவே நுழைந்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள்; அதற்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்த வருஷக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது, எந்த வருஷம் கொடுக்கிறாரோ அந்த வருஷத்தில்தான் கழிக்கலாம். பாக்கிக்காரரைத் துரத்த வரிச் சட்டம் வேண்டியிருக்கிற தொழிலில், அந்தப் பாக்கிக்காரரே விருந்தாளிகளை அழைத்தால் பாக்கி கேட்கிற வாய் எப்படித் திறக்கும்?

சந்திப்பு நடக்கிற வாசலில் நின்று பார்த்தால் இன்னும் விளங்கும். பனியன் ஊர் ரீயூனியன் என்றால் டீ-சர்ட் இல்லாமல் நடக்காது. மேஜையில் சைஸ் வாரியாகப் பண்டல் அடுக்கியிருக்கும். மார்பில் பேட்ச் வருஷம், முதுகில் பள்ளிப் பெயர், இடது கையில் சின்னதாக ஸ்பான்சர் கம்பெனியின் லோகோ. செக்கிங் வேலை பார்க்கும் தோழி பாலிபேக்கைப் பிரித்ததும் மாட்டிப் பார்ப்பதில்லை. பழக்க தோஷத்தில் உள்பக்கம் புரட்டுகிறாள். ஓவர்லாக் தையலில் விரலை ஓட்டுகிறாள். கழுத்து ரிப்பில் தையல் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறாள். இது எந்த லைனில் ஓடியது, யார் கை என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது நினைவுப் பரிசு. அவளுக்கு அது போன வாரத்து ஷிப்ட். அதை மாட்டிக்கொண்டு குரூப் போட்டோவில் நிற்கிறாள், கம்பெனி லோகோவோடு.

அடுத்து வரும் திங்கட்கிழமையையும் யோசிக்க வேண்டும். தீபாவளி முடிந்து பூஜை போட்டு மெஷின் ஓடத் தொடங்கியதும் ஜாப் ஒர்க் ரேட் பேச வேண்டிய நாள் அது. பீஸுக்கு ஐம்பது பைசா கூட்டிக் கேட்க வேண்டும். போன வாரம்தான் தோளில் கை போட்டு ஊட்டிவிட்ட மனிதரிடம் ஐம்பது பைசாவுக்கு நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்று எதிரெதிரே உட்கார்ந்து பேச முடிந்தது. விருந்தாளியாக்கிய பிறகு எதிரே உட்காருவதே மரியாதைக் குறைவாகிவிடுகிறது. கொடுப்பவர் இதை நினைத்துக் கொடுக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் நினைத்திருக்க மாட்டார். விளைவுக்கு அவர் நினைப்பு தேவையில்லை.

மூன்று. காசு போடுபவரே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார், அதனால்தான் காசு அவ்வளவு ஆகிறது. ஏழைத் தோழரால் கட்ட முடியாத தொகை என்கிறார்களே, அந்தத் தொகையை உண்டாக்கியது யார்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொண்ணூறு பேர், ஆனைமலை அடிவாரத்தில் ஓர் இரவு. இரண்டு பேருக்கு ஓர் அறை, அறை 3,500 ரூபாய் என்றால் 45 அறைக்கு 1,57,500. மூன்று வேளைச் சாப்பாடு தலைக்கு 1,200 வீதம் 1,08,000. இரண்டு பஸ் 30,000. டீ-சர்ட் 200 வீதம் 18,000. மேடை, பாட்டு, விளக்கு 20,000. வாத்தியார்களுக்கு மரியாதை 25,000. கூட்டினால் 3,58,500. தலைக்கு ஏறக்குறைய நான்காயிரம். இதைக் கட்டச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இதைக் கேட்டது அந்தப் பாதிப் பேர் அல்ல. அவர்களில் யாரும் ரிசார்ட் வேண்டும் என்று குழுவில் எழுதவில்லை. செலவை முதலில் ஏற்றிவிட்டு, அந்தச் செலவைக் காட்டியே ஸ்பான்சர் இல்லாமல் முடியாது என்பது, மாடியைக் கட்டிவிட்டு ஏணியை வாடகைக்கு விடுகிற கதை.

சாப்பாட்டிலிருந்து நிகழ்ச்சி நிரல் வரை இதே கதைதான். முதலில் பேசுவது அவர். வாத்தியாருக்கு மாலை போடுவது அவர். ராத்திரி பத்து மணிக்கு மேல் தனி அறையில் யார் யார் கூடுவது என்பதும் அவர் சௌகரியப்படி. 2018இல் வந்த '96' படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்தவர்கள் சென்னையில் கூடுகிறார்கள். அந்தக் கூடலுக்கு பில் எவ்வளவு என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. வாட்ஸ்அப் குழுவுக்குத் தேவைப்படுகிறது.

நான்கு. 'நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு' என்பது தமிழர் பழக்கமே அல்ல. கணக்கு எழுதுவதை அசிங்கமாக இந்தச் சமூகம் ஒருபோதும் நினைத்ததில்லை. கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து, ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். பந்தல், கிடாக்கறி, அழைப்பிதழ், மொய் எழுத வரிசை. வாங்கியவர் அடுத்த முறை வாங்கியதை விடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. ஆனால் மொய் நோட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. எவ்வளவு வாங்கினோம் என்று தெரியும், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரியும், திருப்பிய பிறகு தலை நிமிர்ந்து நடக்கலாம் என்றும் தெரியும்.

ஸ்பான்சர் விருந்து என்பது நோட்டில் ஏறாத மொய். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை, திருப்பிச் செய்ய வழியும் இல்லை. வழியில்லாத கடன் வேறு ரூபத்தில்தான் வசூலாகும். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாற ஆள் வேண்டும். மாமா பையன் வார்டு தேர்தலில் நின்றால் வீடு வீடாக நடக்க ஆள் வேண்டும். குழுவில் அவர் போடும் எந்தச் செய்திக்கும் கைதட்ட ஆள் வேண்டும். இதையெல்லாம் அவர் கேட்க மாட்டார், மற்றவர்களாகவே போய் நிற்பார்கள். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்ட கடமைகள் என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். பேராவூரணியில் மொய் எழுத உட்காருகிறவரிடம் கேட்டிருந்தால் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்.

குச்சி ஐஸ் உதாரணம் இங்கேதான் உடைகிறது. அன்று ஒருவன் வாங்கினால் மறுநாள் மற்றவன் வாங்கினான். வாங்க முடியாதவன் கணக்குப் பாடத்தைக் காப்பியடிக்கக் கொடுத்தான். கணக்கு இருந்தது, சின்னதாக இருந்ததால் கண்ணில் படவில்லை.

ஐந்து. பெண்களின் நிலைமையை இந்தக் கட்சி கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த வகுப்பாக இருந்தால், வீட்டில் முதல் கேள்வி 'எங்கே, எத்தனை நாள்' என்பது. இரண்டாவது கேள்வி 'யார் காசுல?' என்பது. தன் பங்கைக் கட்டியவளால் 'நான் கட்டிட்டேன்' என்று இரண்டு வார்த்தையில் அந்தக் கேள்வியை மூட முடியும். 'கூடப் படிச்ச ஒருத்தர் எல்லாத்தையும் பாத்துக்கறார்' என்று சொல்ல வேண்டியவள் அதற்குப் பிறகு எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது திருமணமான எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சனிக்கிழமைச் சம்பளத்தில் குடும்பத்தையே ஓட்டுகிறவளுக்கும் இதே கதிதான். ஓர் இரவுத் தங்கல் என்றால் பேச்சே முடிந்தது. கடைசியில் குரூப் போட்டோவில் முப்பது ஆண்களும் நான்கு பெண்களும் நிற்பார்கள், 'லேடீஸ் யாரும் இன்ட்ரஸ்ட் காட்டல' என்று குழுவில் செய்தி வரும்.

ஆறு, அந்த ஸ்பான்சருக்கே இது நல்லதல்ல. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எக்ஸ்போர்ட் என்றால் பணம். உள்ளே இருப்பவருக்கு அது பேக்கிங் கிரெடிட், மாதக் கணக்கில் இழுக்கும் பையர் பணம், தீபாவளிக்கு முன் ஒரே தவணையில் வெளியே போகும் போனஸ். வருஷத்திலேயே கை மிகவும் இறுகுகிற மாதத்தில்தான் அவரிடம் மூன்றரை லட்சம் எதிர்பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் அடி எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. 2016 நவம்பர் 8 அன்று ரொக்கம் செல்லாமல் போனது. 2020இல் ஊரடங்கு. 2022இல் நூல் விலைக்கு எதிராகக் கதவடைப்பு. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாங்குகிற சந்தை அது. அந்த வருஷ தீபாவளி அக்டோபர் 20. பொங்கலில் 'இந்த வருஷம் நான் பாத்துக்கறேன்' என்று வாக்குக் கொடுத்த ஒருவர் ஆகஸ்டு கடைசியில் ஆர்டர் நின்ற பிறகு அந்த வாக்கை என்ன செய்வார்? பின்வாங்கினால் 'ஆள் விழுந்துட்டான்' என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு பேங்க் மேனேஜர் காதுக்கும் நூல் கொடுப்பவர் காதுக்கும் எட்டினால் மெய்யாகவே விழ வேண்டிவரும். அதனால் கடன் வாங்கியாவது விருந்து வைப்பார்.

'கம்பெனிக் கணக்குல போட்டுக்கலாம்' என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அதுவும் செல்லாது. சொந்தச் செலவைத் தொழில் செலவாக வருமான வரிச் சட்டம் ஏற்பதில்லை. விருந்துச் சாப்பாட்டுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவு எடுக்கவும் சட்டத்தில் தடை இருக்கிறது. போதாததற்கு, இந்த ஊரில் பாதிக் கம்பெனி அண்ணன் தம்பி, மாமன் மச்சான் பார்ட்னர்ஷிப். அண்ணனின் பள்ளித் தோழர்களுக்குத் தம்பியின் பங்கு ஏன் ரிசார்ட் எடுக்க வேண்டும் என்று தம்பி வீட்டில் கேட்க மாட்டார்களா?

இவ்வளவுக்கும் ஸ்பான்சர் கட்சி ஒரு பதில் வைத்திருக்கிறது, நல்ல பதில்தான்: சரி, வசூல் வைத்தால் மட்டும் என்ன நடக்கும்? சமமாகப் பிரித்தால் ஏழைக்குத்தான் வலிக்கும். சமம் என்பது வேறு, நியாயம் என்பது வேறு.

இந்த எச்சரிக்கை சரியானது. தொகையை அப்படியே வைத்துக்கொண்டு அதைத் தொண்ணூறால் வகுத்தால் அது ஸ்பான்சரைவிட மோசம். ஆகவே வகுப்பதற்கு முன்பு குறைக்க வேண்டும். எங்கே போகலாம் என்று தொடங்கி எவ்வளவு ஆகும் என்று முடிக்கும் வழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும்: இந்த வகுப்பிலேயே குறைவாகச் சம்பாதிக்கிறவர் இரண்டு முறை யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகை எது? அளவுகோல் ஊரிலேயே இருக்கிறது. ஒரு ஷிப்ட் சம்பளம். அதைத் தாண்டக் கூடாது, முடிந்தால் அதிலும் பாதிக்குச் சற்று மேல். முந்நூறு ரூபாய் என்று வைத்தால் 27,000 சேர்கிறது. அந்தப் பணத்தில் ஆனைமலை வராது. படித்த பள்ளிக்கூடம் வரும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் விடுமுறை நாளில் மைதானமும் வேப்ப மரமும் கிடைக்கும். இலைக்கு 140 வீதம் மதியச் சாப்பாடு 12,600. நாற்காலி, துணிப்பந்தல் 4,000. இரண்டு வேளை டீயும் பலகாரமும் தலைக்கு 50 வீதம் 4,500. மைக் செட் 3,000. ஆக 24,100, கையில் 2,900 மிச்சம். கறி இல்லாமல் எப்படி என்பவர்கள் நானூறாக்கிக்கொள்ளலாம், அதைக் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்.

முந்நூறையும் மொத்தமாகக் கேட்க வேண்டியதில்லை. பலகாரச் சீட்டு தெரியாத வீடு இந்த ஊரில் உண்டா? வாரம் இவ்வளவு என்று கட்டி, தீபாவளிக்கு இனிப்பும் காரமும் பாத்திரமும் வாங்குகிற பழக்கம்தான் அது. பொங்கலிலிருந்து மாதம் முப்பது ரூபாய் என்றால் பத்து மாதத்தில் முடிந்தது. ஏலம் இல்லை, வட்டி இல்லை. சீட்டு என்றதும் பயம் வருவது நியாயம், எத்தனையோ பேர் தீபாவளிச் சீட்டில் ஏமாந்திருக்கிறார்கள். அதனால் பணம் இரண்டு பேர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கில் இருக்கட்டும், மாதாமாதம் பாஸ்புக் பக்கம் குழுவில் வரட்டும். ஸ்பான்சர் விருந்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: கணக்குக் கேட்கும் உரிமை தொண்ணூறு பேருக்கும் உண்டு. முந்நூறும் கட்ட முடியாத இரண்டு மூன்று பேர் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் பெயர் பொருளாளரோடு நிற்க வேண்டும், மிச்சப் பணம் அதற்குத்தான். எல்லோருக்கும் ஒரே தொகை என்பது புதிதும் அல்ல. ஜப்பானில் பழைய மாணவர் சந்திப்புகளில் பெரும்பாலும் வாசலிலேயே ஒரே கட்டணம் வாங்குவார்கள், கம்பெனித் தலைவரானாலும் கடை ஊழியரானாலும். அங்கே அதை யாரும் கஞ்சத்தனம் என்பதில்லை.

அப்படியானால் மூன்றரை லட்சம் செலவு செய்யத் துடிக்கும் அந்த மனிதரின் ஆசையை என்ன செய்வது? அந்த ஆசை நல்ல ஆசை, போகும் இடம்தான் தவறு. 1958இல் தொடங்கி, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தமிழ்நாடு முழுக்க நடந்தன. ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிக்குப் பணமும் பொருளும் கொடுத்தார்கள், கொடுத்தது ஊரறியப் பதிவானது. இன்று 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' என்ற பெயரில் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு, எந்த வேலைக்கு என்று சொல்லிப் பணம் கட்டலாம், ரசீது வரும். திருப்பூரில் ஜெய்வாபாய் பள்ளியைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிற மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கழிப்பறைக்கும் குடிநீருக்கும் பெஞ்சுக்கும் எப்போதும் தேவை உண்டு. அங்கே கொடுக்கும் பணம் எந்த ஜாப் ஒர்க்காரர் வாயையும் அடைக்காது, எந்தப் பெண்ணையும் வீட்டில் பதில் சொல்ல வைக்காது. வாங்குகிற குழந்தைக்குக் கொடுத்தவர் முகம் தெரியாது.

கொடுப்பதற்கு முன் இன்னொன்றும் அவர் செய்யலாம். குழுவில் இருப்பவர்களில் யார் யாருக்கு எத்தனை நாள் பில் பாக்கி என்று அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணிடம் ஒரு லிஸ்ட் எடுக்கச் சொல்லலாம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைக்குள் அதைத் தீர்த்துவிட்டால், சந்திப்பு நாளில் அவருக்கு மைக்கே தேவைப்படாது.

டீ-சர்ட் இருக்கட்டும். அது இல்லாமல் இந்த ஊரில் எதுவும் நடக்காது. அடக்க விலைக்கு, வேண்டியவர்கள் மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். இடது கையில் லோகோ இருந்த இடத்தில் பள்ளிப் பெயரைப் போடலாம். ஒரு கலர் பிரின்ட்தான். வகுப்பிலேயே பிரின்டிங் யூனிட் வைத்திருப்பவர் இருப்பார், அவருக்குக் கூலியை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.